டென்டல் சேர் வாட்டர் லைனில் பாக்டீரியா எண்ணிக்கை மறுபடி மறுபடி ஏறுகிறது

மதுரையில் இரண்டு சேர் உள்ள கிளினிக். ஆறு வருடப் பழைய யூனிட், தனி பாட்டில் சிஸ்டம். இரண்டாவது சேரின் ஏரோட்டர் (பல்லைத் துளைக்கும் அதிவேகக் கருவி) லைனில் மட்டும்தான் சிக்கல். ஒரு மில்லிலிட்டருக்கு 500 சிஎஃப்யூவுக்குள் (வளரக்கூடிய பாக்டீரியாவின் எண்ணிக்கை) இருக்க வேண்டியது, 1,400 காட்டுகிறது. தண்ணீரில் லேசான பாசி வாடை. அதே பாட்டிலில் இருந்து வரும் ஸ்கேலர் (பல் காரை நீக்கும் கருவி) லைன் சுத்தம்.

செய்து பார்த்தவை: ஆர்ஓ தண்ணீரை நிறுத்தி டிஸ்டில்டு வாட்டர். காலையில் 2 நிமிடம், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 30 விநாடி ஃபிளஷ். தினமும் இரவு பாட்டிலைக் கழற்றிக் காலி செய்து, லைனைக் காற்றடித்துக் காயவைக்கிறோம். ஹேண்ட்பீஸைக் கழற்றிவிட்டு, 5% ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து லைனில் 10 நிமிடம் நிறுத்தி ஷாக் (தீவிரக் கிருமிநீக்கம்), இரண்டு முறை. (உலோகம் அரிக்கும் என்பதால் அதற்கு மேல் வைக்கத் துணியவில்லை.) மூன்றாம் நாள் 80, பன்னிரண்டாம் நாள் பழைய கதை. சர்ஜரிக்கு ஸ்டெரைல் சலைன்தான், அதில் பிரச்சினை இல்லை.

ட்யூபுக்குள் பயோஃபிலிம் (ஒட்டிக்கொண்டு வளரும் பாக்டீரியாப் படலம்) மிச்சம் இருக்கலாம். ஆன்டி ரிட்ராக்‌ஷன் வால்வு பழுதாகி வாய்நீரை உள்ளே இழுக்கவும் செய்யலாம். ட்யூபை மாற்றும் முன், அந்த வால்வு வேலை செய்கிறதா என்று கிளினிக்கிலேயே எப்படிச் சோதிப்பது?