ஏ.எஃப்.ஓ. செருப்புக் கணக்கில் சேருமா? பாதம் தொங்குபவர்களின் அனுபவங்கள்

தாமிரபரணிக்கரை:
கீழ்முதுகில் எல்5 நரம்பு நசுங்கி, மேலே தூக்க முடியாமல் வலது பாதம் தொங்கிப்போன கதை இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மனத்தை உறுத்துவது கோயில் வாசலில் நடந்தது. ஷூவைக் கொடுத்து டோக்கன் வாங்கிய பின்பு, காலில் இருந்த ஏ.எஃப்.ஓ.வையும் (பாதம் தொங்காமல் கணுக்காலோடு சேர்த்துத் தாங்கும் பிளாஸ்டிக் கருவி) கழற்றச் சொன்னார் காவலாளி. “இதுவும் செருப்புக் கணக்குதான் சார்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கழற்றினால் கருங்கல் படியில் விரல் நுனி தட்டும். கழற்றாமல் நடந்தாலோ, அபிஷேகத் தண்ணீர் சிந்திய தளத்தில் அதன் வழவழப்பான அடி வழுக்கும். ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கிட்டு வார்த்த கருவி என்பதால், ஷூ இல்லாதபோது முழங்காலைப் பின்னோக்கித் தள்ளவும் செய்யும். வரிசையில் நின்ற ஓர் அம்மாள், “தம்பி, என் தோளைப் பிடிச்சுக்கோ” என்றார். அப்படித்தான் தரிசனம் முடிந்தது. முன்பின் தெரியாதவரின் தோள் இல்லாமல் உள்ளே போக எனக்கு வழியே இல்லையா என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

வேலூர்வாசி:
என்னுடையது பேருந்தில் நடந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையில் தொழுநோய் குணமாகிவிட்டாலும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு கெட்டது கெட்டதுதான். காலை உயரத் தூக்கிப் பாதத்தைப் ‘பட்’டென்று வைத்து ஏறிய என்னைப் பார்த்து, “காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா?” என்றார் நடத்துநர். சிரித்தவர்களின் முகங்கள் மறந்துவிட்டன; அந்தக் குரல் மறக்கவில்லை.

தாமிரபரணிக்கரையார் ஏ.எஃப்.ஓ.வை விட்டால் வேறு கதியே இல்லை என்பதுபோல் எழுதுவதை நான் ஏற்கவில்லை. உணர்ச்சியற்ற என் பாதத்தில் கெட்டியான பிளாஸ்டிக் உரசினால், புண் வந்த பிறகுதான் தெரியவரும். ஆகவே எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பும், அதன் முன்பகுதியிலிருந்து கணுக்காலுக்கு மேல் இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் பட்டையும் கொடுத்தார்கள். பின்னர் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில், பாதத்தை உள்நோக்கித் திருப்பும் தசைநாணைப் பாதத்தின் மேற்புறத்துக்கு மாற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது பட்டையும் தேவைப்படுவதில்லை.

ஈரோட்டு மகள்:
பக்கவாதத்துக்குப் பின் அம்மாவுக்கு வலது கால் இழுக்கிறது. ஒரு சிகிச்சை நிலையத்தில், முழங்காலுக்குக் கீழே மின்தூண்டல் பட்டையைக் கட்டியவுடன் அம்மாவின் பாதம் தானாக மேலே எழும்பியது. அம்மா காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். விலையைக் கேட்டதும், “வேண்டாம்மா, இதுவே போதும்” என்று பழைய ஏ.எஃப்.ஓ.வைத் தாமே எடுத்து மாட்டத் தொடங்கினார். வசதி உள்ளவர்கள் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டாமல் இதை வாங்குவதே சரி.

மாடிப்படி:
பொதுவாக அப்படிச் சொல்லிவிடக் கூடாது. மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருந்து, காலில் உள்ள நரம்பு உயிரோடு இருந்தால்தான் அந்தப் பட்டை வேலை செய்யும். எனக்கோ மாவுக்கட்டு அழுத்தியதில் அந்த நரம்பே போய்விட்டது; விற்பனையாளர் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார், தோல் எரிந்ததே தவிர, பாதம் அசையவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஷூவை ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துவிட்டால் ஏ.எஃப்.ஓ. நெருக்காது. முழங்கால் வரை பருத்திக் காலுறை இல்லாமல் நம் ஊர் வெயிலில் அதை மாட்டவே கூடாது. கழற்றியபின் அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால், செய்தவரிடம் கொண்டுபோய் அந்த இடத்தைச் சூடாக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். நீங்களாகப் பஞ்சு வைக்காதீர்கள். கைத்தடி, பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டு உட்காருவதையும், நெடுநேரம் குந்தியிருப்பதையும் விடுங்கள். அதே நரம்பு மறுபடியும் நசுங்கும். பிசியோ சொல்லும் குதிகால் தசைநாண் நீட்டும் பயிற்சியை விட்டால் கணுக்கால் இறுகிப்போகும்; அதன்பின் எந்தக் கருவியும் பொருந்தாது. வீட்டில் தரையில் கிடக்கும் கால்மிதி விரிப்புகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போடுங்கள்.

ஈரோட்டு மகள்:
மின்தூண்டல் பற்றிச் சொன்னது சரி. நான் அம்மாவை மட்டும் மனத்தில் வைத்து எழுதினேன். ஆனால் கால்மிதியும் கைத்தடியும் எங்கள் வீட்டுச் சிக்கல் அல்ல. வலது கை வராத அம்மாவால் ஏ.எஃப்.ஓ.வின் வெல்க்ரோ பட்டையை வளையத்துக்குள் நுழைத்து இழுக்க முடியவில்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவர்தான் வளையத்தைப் பிரித்து மறுபக்கம் மாற்றித் தைத்து, பட்டையின் நுனியில் விரல் நுழையும்படி ஒரு தோல் கண்ணியும் வைத்துக் கொடுத்தார். இப்போது இடக் கையாலேயே மாட்டிக்கொள்கிறார்.