அப்டேட்: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல (டேட்டாபேஸ் பண்ற சாஃப்ட்வேர்) டாஸ்க் டேட்டாபேஸ்

ஒரே வேலையை ரெண்டு மூணு பேருக்கு எப்படி ஒதுக்குறதுன்னு கேட்டிருந்தேன்ல, அது ஓடுது இப்போ. வேலைக்கு ஒரு டேபிள், ஆளுங்களுக்கு ஒண்ணு, நடுவுல ரெண்டோட ஐடியையும் சேத்து வைக்கிற மூணாவது டேபிள், மல்டி வேல்யூ ஃபீல்டு (ஒரே கட்டத்துல பல பேரை வைக்கிறது) போதும்னு சிலர் சொன்னீங்க ஆனா நாளைக்கு எஸ்கியூஎல் சர்வருக்கு (மைக்ரோசாஃப்டோட பெரிய டேட்டாபேஸ்) மாறுனா அது அப்படியே போகாது, அதனால இதுதான் சரின்னு எனக்கு படுது.

கெடு தாண்டினதுக்குத் தனி ஃபீல்டே வேணாம். கெடு தேதி இன்னைக்கு முன்னாடி, முடிச்ச தேதி காலி, இந்த ரெண்டு கண்டிஷன் க்வெரில (டேபிள்ல இருந்து வேணுங்கறதை தேடி எடுக்கறது) போதும், அவ்ளோ சுத்தமா வருது!

டேபிள் எல்லாம் ஷேர்டு ஃபோல்டர்ல, ஃபார்ம் ரிப்போர்ட் மட்டும் ஆளுக்கொரு காப்பி. ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு 2 ஜிபி லிமிட் இருக்கறதால வேலையோட சேர்ற பைலை உள்ள ஏத்தாம அது இருக்கற இடம் (பாத்) மட்டும் வைக்கிறேன். மாசாமாசம் திரும்ப வர்ற வேலைக்கு யாராச்சும் வழி பண்ணிருந்தா சொல்லுங்க.