மூன்று வருஷக் கணக்கும் செவ்வாய்ப் பயணமும்

பள்ளத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

நெடும்பயணம் போகும் விண்வெளி வீரர்கள் சலிப்பை எப்படிச் சமாளிப்பார்கள் என்று சென்ற வாரம் என் பேத்தி கேட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்திய எனக்கு ராக்கெட்டின் வேகத்தையும் சுற்றுப்பாதையையும் விளக்குவது எளிது. இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே விடை வரவில்லை. இரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தபோது, விடையில் பாதி எங்கள் வீட்டுப் பெட்டகசாலையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடைபட்ட இடத்தில் நெடுங்காலம் கழித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுத வேண்டுகிறேன்.

செவ்வாய்க்குப் போய்ச் சேர ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். போன கையோடு திரும்பிவிட முடியாது. பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்றபடி அமைவது ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் என்பதால், அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்து, அதன் பிறகே புறப்பட வேண்டியிருக்கும். எல்லாம் சேர்த்தால் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள். செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புதியதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது தொழில் நடத்த, போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குத்தான் போனார்கள்; பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தாள், வேலை பழகும் பெட்டியடிப் பையன், சமையலாள் என்று நாலைந்து ஆண்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, கணக்கெழுதி, அந்தக் காலத்தைக் கழித்தார்கள்.

எங்கள் ஐயா (தாத்தா) பதினாறு வயதில் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குப் போனவர். அவர் காலமான பிறகு பெட்டகத்தை ஒழித்தபோது ஒரு பழைய குறிப்பேடு கிடைத்தது. முன்பக்கங்களில் வரவு செலவுக் கணக்கு இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால், நாளுக்கு ஒரே ஒரு வரி. "இன்று கத்தரிக்காய் கிடைத்தது." "ஆற்றில் இரண்டு படகு முட்டிக்கொண்டன." "மழை இல்லை." "அடுத்தாள் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது." மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. எதற்காக இப்படி எழுதினார் என்பது அப்போதே எனக்குத் தெரியும். சிறுவனாக இருந்தபோது பர்மாவில் பொழுது எப்படிப் போயிற்று என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "வேலை இல்லாம இருக்குறது கஷ்டமில்லை தம்பி. நேத்து எது, முந்தாநாள் எதுன்னு தெரியாமப் போறதுதான் கஷ்டம்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இந்தச் சொல்லை நான் மாஸ்கோவில் நடந்த ஒரு சோதனையோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2010 ஜூன் 3 முதல் 2011 நவம்பர் 4 வரை 520 நாள்கள், ஆறு ஆண்கள் சன்னலே இல்லாத ஒரு போலி விண்கலத்துக்குள் அடைந்திருந்து, செவ்வாய்க்குப் போய்வருவதைப் போல நடத்திப் பார்த்தார்கள். மார்ஸ்-500 என்பது அதன் பெயர். அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவிகள் காட்டியது கவனிக்கத்தக்கது: மாதங்கள் செல்லச் செல்ல அவர்கள் விழித்திருந்த நேரத்திலும் அசைவது குறைந்தது; உறங்கியும் படுத்தும் கழித்த நேரம் கூடியது. ஒருவருக்கு நாளின் நீளமே ஏறத்தாழ 25 மணி நேரமாக நழுவிப்போயிற்று. மற்றவர்களுக்குப் பகலாக இருந்தபோது அவருக்கு நள்ளிரவாக இருந்த நாள்களும் உண்டு. ஐயா பயந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஓய்வே இல்லாமல் வேலையால் நிரப்பிவிடலாமே என்றால் அதுவும் சரிவராது. 1973 நவம்பரில் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போன மூவர் 84 நாள்கள் அங்கே இருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே நிமிடத்துக்கு நிமிடம் வேலை அடுக்கப்பட்டதால் அவர்கள் பின்தங்கிப் போனார்கள். டிசம்பர் இறுதியில் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தோடு மனம்விட்டுப் பேசி, ஓய்வு நேரம் ஓய்வுக்கே என்று முடிவான பிறகு, முன்னைவிட அதிக வேலையை முடித்தார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அந்த வீரர்களே அதை மறுத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைப் பரப்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வீட்டாரோடு நேரே பேச முடியும். செவ்வாயிலிருந்து முடியாது. கோள்களின் இடைவெளியைப் பொறுத்து வானொலி அலை ஒருவழி செல்லவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும், "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்ற பதில் வர முக்கால் மணி நேரம் ஆகலாம். ஆகவே அவர்கள் உரையாடலை விட்டுவிட்டுக் கடிதத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இதை நான் இழப்பாக மட்டும் பார்க்கவில்லை. ஐயா தினமும் இரண்டு வரியாக எழுதிச் சேர்த்து, தபால் கப்பல் புறப்படும் நாளில் அனுப்புவார். ஊரிலிருந்து வரும் கடிதத்தை அடுத்த கடிதம் வரும்வரை படிப்பார். வாரத்தில் எந்த நாளும் மற்றொரு நாளைப் போல இல்லாமல் இருந்ததற்கு அந்தக் கப்பலும் ஒரு காரணம்.

தேவகோட்டையிலிருந்து, கப்பல் பொறியாளர்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் பொறியாளராக இருந்தபோது, 2020 ஜனவரி இறுதியில் ஏறி 2021 மார்ச்சில்தான் இறங்கினேன். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு. தொற்றுநோயின் காரணமாகத் துறைமுகங்கள் ஆள் மாற்றத்தை அனுமதிக்காததால், ஒவ்வொரு துறைமுகத்திலும் "அடுத்த துறைமுகத்தில் ரிலீவர் (மாற்றாள்) வருவார்" என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பதினான்கு மாதங்களில் என் கால் ஒருமுறைகூடக் கரையில் படவில்லை.

சலிப்பு என்றால் என்ன என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். இஞ்சின் ரூமில் வேலைக்குக் குறைவே இல்லை. எண்ணெய் வடிகட்டிகளைச் சுத்தம் செய்வது, பம்புகளைப் பிரித்துப் பூட்டுவது, அளவுமானிகளைக் குறித்துக்கொள்வது என்று நாள் முழுதும் கை ஓயாது. ஆனாலும் எட்டாம் மாதத்தில், அன்று காலை ஒரு வால்வைச் சோதித்தேனா, அல்லது அது நேற்றைய நினைவா என்று எனக்கே ஐயம் வந்தது. திரும்பப் போய்ப் பார்த்தேன். அது ஆபத்தான நிலை. மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்து உண்பவர்கள் குறைந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் கேபினுக்குப் போனார்கள். ஹார்டு டிஸ்க்கில் நானூறு படங்கள் இருந்தன. பத்து நிமிடத்துக்கு மேல் எதையும் யாரும் பார்க்கவில்லை. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு நிறையப் படங்களும் விளையாட்டுகளும் கொடுத்தனுப்பினால் போதும் என்று எழுதுபவர்களைப் படிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

திரும்பும் தேதி தெரிந்தால் எவ்வளவையும் தாங்கலாம். 1991 மே மாதம் மீர் விண்வெளி நிலையத்துக்குப் போன சோவியத் வீரர் செர்கெய் கிரிக்கலெவ், கீழே அவருடைய நாடே கலைந்துபோன நிலையில், திட்டமிட்டதைப் போல இரு மடங்கு காலம் தங்கி 311 நாள்கள் கழித்து இறங்கினார். சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் ஏறத்தாழ எட்டு நாள் பயணமாகப் போய் 286 நாள்கள் இருந்தார். தேதி தள்ளிப்போவது மனத்தை என்ன செய்யும் என்று அறிந்தவன் என்ற முறையில், அவர் இறங்கிய அன்று நான் விழித்திருந்து பார்த்தேன். மனைவி எழுந்து வந்து ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கும்வரை அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

எங்களை மீட்டது வெந்தயம். எங்கள் சீஃப் குக் குமரி மாவட்டத்துக்காரர். ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் அவர், மருந்துப் பெட்டியிலிருந்து வாங்கிய பஞ்சை ஒரு பழைய பேக்கிங் தட்டில் பரப்பி, நனைத்து, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி, மெஸ் சன்னலோரம் வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளை முளை தெரிந்தது. ஐந்தாம் நாள் ஒவ்வொரு முளையும் விதைத்தோலைத் தொப்பியைப் போலத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. கேபினைவிட்டு வராதவர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். தண்ணீர் தெளிப்பதற்கு முறை வைத்துக்கொண்டோம். கப்பல் திரும்பும்போது வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கச் சன்னலுக்குத் தட்டை மாற்றுவது பிலிப்பைன்ஸ்காரரான இளம் மாலுமி ஒருவரின் பொறுப்பாயிற்று. முதல்முறை பறித்தது ஆளுக்கு ஒரு கைப்பிடிகூட வரவில்லை. பருப்பில் போட்டு அத்தனை பேரும் ஒரே மேசையில் உண்டோம். அன்றிலிருந்து நாள்களுக்குப் பெயர் வந்தது: தூவிய நாள், முளைத்த நாள், பறித்த நாள்.

2025 ஜூலையில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்த படம் வந்தபோது அதைச் சீஃப் குக்குக்கு அனுப்பினேன். 1982இல் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தில் 211 நாள்கள் இருந்த சோவியத் வீரர் வாலன்டின் லெபெதெவ் தம் நாட்குறிப்பில் அலுப்பையும் எரிச்சலையும் மறைக்காமல் எழுதியவர். அவர்கள் வளர்த்த சிறு செடி அங்கே பூத்து விதையும் கொடுத்தது. அமெரிக்க வீரர் ஸ்காட் கெல்லி 2016 ஜனவரியில் விண்வெளி நிலையத்தில் பூக்கவைத்த ஜின்னியாச் செடிகள் முதலில் பூஞ்சணம் பிடித்து வாடிக் கிடந்தவை. அட்டவணைப்படி தண்ணீர் விடாமல், செடியைப் பார்த்துத் தேவைக்கேற்ப விடுகிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கி அவர் அவற்றைப் பிழைக்கவைத்தார். பார்த்துச் செய்ய வேண்டிய வேலை என்பதே அங்கே பெரிய செல்வம்.

கோத்தமங்கலத்திலிருந்து, குடும்பத்தலைவி:

ஆசிரியர் ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். போனவர்களைப் பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள். இருந்தவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் ஆயா (பாட்டி), அவருடைய ஆத்தா (தாயார்) இருவரும் ஆண்கள் கடல்தாண்டிப் போன வீட்டில், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தாலே கால் ஓயும் வளவில், மூன்று மூன்று ஆண்டுகளாகக் காலம் கழித்தவர்கள். அவர்கள் கையில் எப்போதும் முடைந்துகொண்டிருக்கும் கொட்டான் (பனையோலைக் கூடை) இருக்கும்.

மூன்றாண்டுக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நான்கு மாதம் பட்டாலையில் கட்டிலிலேயே கிடந்தேன். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் பேசுவாள். தொலைக்காட்சியும் எதிரே ஓடும். ஆனால் பேச என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லாததால் பேச்சே குறைந்துவிட்டது. பிறகு பனையோலை வாங்கிவரச் சொல்லிக் கொட்டான் முடையத் தொடங்கினேன். ஓலையைச் சன்னமாகக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, இழை பிசகாமல் பின்ன வேண்டும். ஓர் ஓலை மாறினால் நாலு வரிசை தள்ளிப் பூவேலை கோணிக்கொண்டு நிற்கும், பிரிக்கத்தான் வேண்டும். ஒன்று முடிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பேத்தியின் புதுமனைப் புகுவிழாவுக்கு நாற்பது வேண்டும் என்று மகள் கணக்குச் சொன்ன அன்றைக்குத்தான் என் உடம்பில் தெம்பு வந்தது. முடைவது மட்டும் போதாது, அதற்கு யாராவது காத்திருக்க வேண்டும்.

கேரன் நைபர்க் என்ற வீராங்கனை 2013இல் விண்வெளி நிலையத்தில் தம் சிறு மகனுக்கு ஒரு டைனோசர் பொம்மை தைத்ததை மகள் காட்டினாள். ரஷ்ய உணவுப் பெட்டியின் உள்துணியை வெட்டி, பழைய பனியன் துணியை அடைத்துத் தைத்தாராம். மிதக்கும் இடத்தில் துணியைப் பரப்பி வெட்டவே முடியாதே, எப்படிச் செய்தாரோ என்று என் கை தானாக அசைந்து பார்த்தது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 2013இல் செவ்வாயில் வாழ்வதைப் போல ஆறு பேரை நான்கு மாதம் தங்கவைத்துப் பார்த்தது முக்கியமாகச் சாப்பாட்டைப் பற்றித்தான். வெந்நீர் ஊற்றிய ஆயத்த உணவுக்கும், கெடாத பொருள்களைக் கொண்டு தாங்களே சமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சீப்புச் சீடைக்கு மாவு பிசைந்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சீப்பில் உருட்டும் அந்த மத்தியானம், சீடையைத் தின்பதைவிடப் பெரிது.

ஆசிரியர் ஐயா நாளை அடையாளம் வைப்பதைப் பற்றி எழுதியதும் எனக்குப் பிள்ளையார் நோன்புதான் நினைவுக்கு வந்தது. கடலில் புயலில் சிக்கிய நம் முன்னோர், திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக வேட்டியிலிருந்து உருவி வைத்து எண்ணி, 21ஆம் நாள் கரைசேர்ந்தார்கள் என்றும், அதனால்தான் 21 நூல் திரித்த இழையை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டு இழை எடுத்துக்கொள்கிறோம் என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். செவ்வாயில் ஒரு நாள் என்பது நம்முடையதைவிட 39 நிமிடம் கூடுதல் என்கிறார்கள். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் ஒரு நாளே பின்தங்கிவிடுமே, அங்கே போகும் நம் பிள்ளைகள் எந்த நாளைக் கணக்கில் வைத்து இழை எடுத்துக்கொள்வார்கள்?

தேவகோட்டையிலிருந்து, கப்பல் பொறியாளர்:

ஆச்சி, அந்தக் கேள்விக்கு என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். 2021 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து பசிபிக்கைக் கடந்து மேற்கே வந்துகொண்டிருந்தோம். 13ஆம் தேதி இரவு, மேற்கே கடந்தால் நாள்காட்டியில் ஒரு நாள் குறைந்துபோகும் பன்னாட்டுத் தேதிக் கோட்டைத் தாண்டினோம். கப்பலின் குறிப்பேட்டில் 13க்கு அடுத்தது 15. பொங்கல் நாளே எங்களுக்கு வரவில்லை. சீஃப் குக்கும் நானும் அது சரியா தவறா என்று அதிக நேரம் பேசவில்லை. 15ஆம் தேதி விடியற்காலையில் மின்னடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்து இல்லாத குறைக்கு ஒரு கட்டு வெந்தயக் கீரையைக் கட்டினோம். பால்பொடியைக் கரைத்து ஊற்றிய பால் பொங்கி வழிந்தபோது, பத்தொன்பது பேரும் மெஸ்ஸில் நின்று, பலருக்குச் சொல்லவே வராத அந்தச் சொல்லைச் சேர்ந்து சொன்னார்கள்.