இன்டெல்லா, ஏஎம்டியா? நாளை மாலைக்குள் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு:
வணக்கம். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். பாலக்காட்டுக் கடையில் ஓணம் தள்ளுபடி நாளையோடு முடிகிறது. இன்டெல் ஐ3 சிப் உள்ளது ஒன்று, ஏஎம்டியின் ரைசன் 5 சிப் உள்ளது ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றைவிட ஐந்து பெரிசு, ரைசனை எடுங்கள் என்கிறார் கடைக்காரர். இன்டெல்லைத் தவிர எதையும் தொடாதே என்கிறார் மச்சான். எதை எடுக்க?

மலம்புழைக்காற்று:
லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? அதையே சொல்லவில்லையே.

கணக்குப்பிள்ளை:
பட்ஜெட் எவ்வளவு? யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

வாளையார்77:
எதுவானாலும் ஏஎம்டி வேண்டாம். என் பழைய ஏஎம்டி மெஷினில் மார்ச் மாதம் வந்தால் கை வைக்க முடியாது. மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துத்தான் ஓட்டினேன். நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது.

மலம்புழைக்காற்று:
அண்ணா, அது எந்தக் காலத்து மெஷின்? 2017-இல் ரைசன் வந்த பிறகு கதையே வேறு. 2024-இல் வோல்டேஜ் கூடிப்போய்க் கெட்டது இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைதான்.

வாளையார்77:
அது டெஸ்க்டாப் சிப், தம்பி. லேப்டாப்புக்கு அந்தக் கோளாறு இல்லை என்று இன்டெல்லே சொல்லிவிட்டது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

பழையரேம்:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். முழு மாடல் எண் இல்லாமல் பதில் சொல்வது ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்ப்பது போல. ஸ்டிக்கரில் இருக்கும் 3, 5 ஒன்றுக்கும் உதவாது. எண்ணைக் கொண்டு வாருங்கள்.

தென்னந்தோப்பு:
மன்னிக்கவும், லேப்டாப்தான். மனைவி பால் சொசைட்டி கணக்கை டாலியில் போடுவாள். மகள் பத்தாவது. 40,000-க்குள். ஐ3-1215யூ, ரைசன் 5 7520யூ. இரண்டிலும் ரேம் 8 ஜிபி.

பழையரேம்:
இதை முதலிலேயே போட்டிருக்கலாம். 7520-இல் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2. அதாவது ஸென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. கோர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி, நான்குதான். அதுவே 7530 என்றிருந்தால் ஸென் 3, ஆறு கோர். கண்ணை மூடிக்கொண்டு ரைசனை எடுக்கச் சொல்லியிருப்பேன். இன்னொன்று, 7520-க்கு ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 என்றால் கடைசி வரை 8-தான்.
1215-இல் பெரிய கோர் 2, சிறியது 4. டாலிக்கும் பிரவுசருக்கும் தனிக் கோரின் வேகம்தான் முக்கியம், அதில் இது முந்தும். ஆனால் சில ஐ3 மாடல்களிலும் ரேமைப் பற்றவைத்துவிடுகிறார்கள். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை பயன்பாட்டில் என்று பாருங்கள். இரண்டில் ஒன்று என்றிருந்தால் எடுங்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்எஸ்டி இல்லாவிட்டால் எதையும் எடுக்காதீர்கள்.

வாளையார்77:
கடைசியில் இன்டெல்தானே! கோயம்புத்தூரில் எடுத்தால் இன்னும் குறையும்.

மலம்புழைக்காற்று:
இந்த மாடலுக்கு இன்டெல், அவ்வளவுதான். ஜிஎஸ்டி கேரளம், தமிழ்நாடு இரண்டு பக்கமும் 18 சதவீதம். பஸ் காசும் ஒரு நாளும் போகும். ரிப்பேர் என்றால் மறுபடி வாளையார் எல்லையைத் தாண்ட வேண்டும்.

வாளையார்77:
நான் வாரா வாரம் தாண்டுகிறேனே.

தென்னந்தோப்பு:
ஐ3 எடுத்தாச்சு. இரண்டில் ஒன்று காலி. அடுத்த மாதம் இன்னொரு 8 ஜிபி போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவுக்கு முடிந்தது?