சீத்தை நாலு தோய்ச்சலில் வெளிறுது: சலவைத்தூளா, தண்ணியா?

ஊசிநூல் (கிளிநொச்சி):
பருத்திச் சீத்தையில் (பூ அச்சடிச்ச துணி) நான் தைச்சு விக்கிற வீட்டுச்சட்டைகள் நாலைஞ்சு தோய்ச்சலிலேயே வெளிறுது. கடும் நீலமும் மெரூனும்தான் மோசம். சிலதில் அக்குளடி இத்துக் கிழியுது. குழாய்க்கிணற்றுத் தண்ணி, சாதாரணச் சலவைத்தூள், கல்லில் அடிச்சுத் தோய்க்கிறது, வெயிலில் காயப்போடுறது. தூளை மாத்தினால் சரிவருமோ? உப்பும் வினாகிரியும் விட்டு ஊறவைச்சால் சாயம் பிடிக்கும் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

சாயத்தொட்டி:
அக்கா, முதல் பிறின்ற் எந்த வகை எண்டு பாருங்கோ. வெள்ளைத் துணித்துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, பிறின்ற்றின் மேல் பத்துத் தரம் அழுத்தித் தேயுங்கோ, நிறம் கழண்டு ஒட்டுதோ எண்டு தெரியும். பிறகு துணியை மடிச்சு நகத்தால் கீறுங்கோ. மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, மறுபக்கம் வெளிறலாய், தொட விறைப்பாய் இருந்தால் பிக்மென்ட் பிறின்ற். அதில் நிறத்துகளை ஒரு பிசின் படலம்தான் ஒட்டி வைச்சிருக்கு. அதை உரிக்கிறது தூளைவிடக் கல்லும் தூரிகையும். அச்சடிச்ச பிறகு 150 பாகைச் சூட்டில் சில நிமிசம் சரியாய் வேகாத துணியெண்டால் எந்தத் தூளும் காப்பாத்தாது.

நிறம் நூலுக்குள் இறங்கி, துணி மெதுவாய் இருந்தால் பெரும்பாலும் றியாக்டிவ் சாயம். அது பருத்தியோடை இரசாயனப் பிணைப்பில் நிக்கிறது. முதல் இரண்டு மூண்டு தோய்ச்சலில் கழருறது பிணையாமல் தங்கின மிச்சச் சாயம்.

உப்பும் வினாகிரியும் இரண்டு வகையையும் பிடிக்கவைக்காது. றியாக்டிவ் சாயம் பிணையிறது சலவைச்சோடா மாதிரிக் காரத்தில், புளிப்பில் இல்லை.

கிணத்தடி (புதுக்குடியிருப்பு):
கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்குதோ? பிடிச்சால் தண்ணியில் கல்சியம் கூட. அதில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரைஞ்சு துணியில் ஒட்டும். தூளில் உள்ள சோடா கல்சியத்தோடை சேர்ந்து நுண்ணிய சுண்ணாம்பாய் நூலுக்குள் படியும். மங்கலாய்த் தெரியிற எல்லாமே சாயம் போனதில்லை, இந்தப் படிவும்தான். துணி சொரசொரக்கும், மடிப்புகளில் அந்தத் துகள் நூலை அராவும். மாரியில் பிடிச்ச மழைத்தண்ணி கிடந்தால் கடும் நிறங்களுக்கு வைச்சிருங்கோ.

கையால் தோய்க்கிற தூளின் பி.எச். (கார அளவு, 7 எண்டால் நடுநிலை) 10, 11 வரை போகும். நிறத்துணிக்குக் காரம் குறைஞ்ச திரவம் நல்லது. தூள்தான் எண்டால் 10 லீற்றர் வாளிக்கு இரண்டு மட்ட மேசைக்கரண்டி, முழுக்கக் கரைச்ச பிறகுதான் துணி. ஈரத்துணியில் நேரே தூவினால் புள்ளி புள்ளியாய் வெளிறும். ஊறல் 15 நிமிசம் போதும். ராத்திரி முழுக்க ஊறவிடுற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கோ.

மூண்டு தரம் அலசுங்கோ. இரண்டாம் அலசலில் 10 லீற்றருக்கு 100 மில்லி வெள்ளை வினாகிரி. வினாகிரிக்கு வேலை அதுதான், மிச்சக் காரத்தையும் சுண்ணாம்பையும் எடுக்கிறது. தேசிக்காய் வேண்டாம், அந்தப் புளி ஆவியாகாது, தங்கிக் காய்ஞ்சால் பருத்தியை இத்துப்போகப் பண்ணும். பிளீச்சும் வினாகிரியும் ஒருக்காலும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ஊசிநூல்:
கேத்திலில் தடிப்பாய்ப் படை இருக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடும் விழுந்தது. அப்ப கிழியிறது?

சாயத்தொட்டி:
பிக்மென்ட்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கசக்காமல் அமுக்கித் தோய்ச்சு, நிழலில் காயப்போடச் சொல்லி விக்கேக்கையே ஒரு துண்டில் எழுதிக் குடுங்கோ.

கிழியிறதுக்குத் தூளின் காரம் பெரிய காரணமில்லை, பருத்தி காரத்தைத் தாங்கும். கல்லில் அடி, குளோரின் பிளீச், வியர்வை தங்கின இடத்தில் கடும் வெயில், இவைதான் நூலை அறுக்கிறது. அக்குளடிக்குத் தனியாய் பிளீச் போடுகினமோ எண்டு விசாரியுங்கோ.

சந்தேகமெண்டால் எவ்வளவு பாரத்தில் துணி அறுது எண்டு சோதிக்கலாம். புதுத்துணியிலும் பத்துத் தரம் தோய்ச்சதிலும் நெடுக்குப்பாட்டில் மும்மூண்டு கீற்று வெட்டி, கரை நூலை உருவி, ஒவ்வொண்டிலும் சரியாய் 25 நூல் விடுங்கோ. முடிச்சுப் போட்டால் அதிலேயே அறும், அதால் மேல் முனையை ஒரு தடியிலும் கீழ் முனையை இன்னொரு தடியிலும் நாலு சுற்றுச் சுற்றுங்கோ. கீழ்த்தடியில் வாளியை நிலத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, அறும்வரை போத்தலால் அளந்து தண்ணி விடுங்கோ. ஒரு லீற்றர் ஒரு கிலோ, வாளியின் பாரத்தையும் கூட்டுங்கோ. கல்லில் தோய்ச்சது, கையால் அமுக்கினது இரண்டையும் தனித்தனியாய்ப் பாருங்கோ.