மேல்மாடி வீடு, ஏசி ஓடியும் அறை குளிரவில்லை. காஸ் தான் காரணமா?

காட்பாடி_வாடகை:
வேலூர் காட்பாடியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம், தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. படுக்கையறை 10-க்கு 12, ஒன்றரை டன் ஏசி, வாங்கி நான்கு வருடம். கத்திரி தொடங்கியதிலிருந்து 18-ல் வைத்தாலும் இரவு பதினொரு மணி வரை அறை 30-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. மெக்கானிக் காஸ் குறைந்துவிட்டது, 3,500 ஆகும் என்கிறார். போன வருடமும் இதையே சொல்லித்தான் நிரப்பினார். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். வேறு வழி உண்டா?

பழைய_மெக்கானிக்:
தம்பி, காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போக? எங்கேயோ கசிந்தால்தான் குறையும், கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே 3,500. முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள் (காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அது 32-க்குக் கீழே காட்டாது). ஏசியை கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே காற்றை இழுக்கும் இடத்திலும் கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். 10 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் மெஷின் மேல் பெரிய குற்றம் இல்லை. அப்புறம் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

மடிப்பாக்கம்_அக்கா:
மேற்கு ஜன்னல் இருந்தால் மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்டுங்கள், உள்ளே எவ்வளவு தடிமனான திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரையில் படும். ஆணி வேண்டாம், கிரில்லிலேயே கயிறு போட்டுக் கட்டிவிடலாம். வெட்டிவேர் தட்டி உங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும். நான் சென்னைப் புழுக்கத்தில் போட்டுப் பார்த்தேன், அறை குளியலறை மாதிரி ஆகிவிட்டது. ஒன்று மட்டும், ஏசி ஓடும்போது நனைத்த தட்டி வேண்டாம், அந்த ஈரத்தையும் சேர்த்து ஏசிதான் இழுக்க வேண்டும்.

காட்பாடி_வாடகை:
பார்த்துவிட்டேன் ஐயா. மேலே 33, கீழே 22. கூரையில் கை வைத்தால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கிறது, மணி ஒன்பதரை!

பழைய_மெக்கானிக்:
அப்படியென்றால் 3,500 மிச்சம். ஏப்ரல் கடைசியில் நம் பக்கம் உச்சி வெயில் நேர் செங்குத்தாக இறங்கும், மே மாதத்திலும் பெரிதாகச் சாயாது, அதனால் சுவரைவிடத் தளம்தான் அதிகம் வாங்குகிறது. பகலெல்லாம் குடித்த சூட்டை கான்கிரீட் இரவில் உங்கள் தலையில் கொட்டுகிறது. 18-ல் வைப்பதில் பயனில்லை, மெஷின் ஏற்கெனவே முழு மூச்சில்தான் ஓடுகிறது. 26-ல் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். வெளி யூனிட் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்தால் தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுக்கும், தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்துவிட்டு அதன் பின்பக்க ஜாலியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

சுண்ணாம்பு_கட்சி:
வீட்டுக்காரரிடம் ஆணியைப் பற்றிப் பேசாதீர்கள், சுண்ணாம்பைப் பற்றிப் பேசுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து தளத்துக்கு இரண்டு கை அடித்தால் போதும், வெயில் பாதி திரும்பிப் போய்விடும். மழையில் கரையும்தான், வருடா வருடம் அடிக்க வேண்டும். கூலியை நீங்கள் தருவதாகச் சொன்னால் எந்த வீட்டுக்காரர் மறுப்பார்? அதுவரை படுக்கையறைக்கு மேலே வரும் இடத்தில் மட்டும் கோணிச்சாக்கு விரித்து மாலையில் நனையுங்கள். தளத்தில் விரிசல் இருந்தால் அதுவும் வேண்டாம், ஒழுகும்.

காட்பாடி_வாடகை:
சாக்கு போட்டு மூன்று நாள் ஆகிறது, நேற்று ஒன்பது மணிக்கே 28. வெளி யூனிட்டைக் கழுவினேன், பின்னாலிருந்து ஒரு புறாக் கூடு வந்தது, நல்லவேளை முட்டை இல்லை. சுண்ணாம்புக்கு வீட்டுக்காரர் 'பார்க்கலாம்' என்றிருக்கிறார்.