டெனர் சாக்ஸ்: ஹை எஃப்-ஷார்ப்புக்கு மேலே ஜி நிற்க மாட்டேன் என்கிறது. கோளாறு விரலிலா, ரீடிலா?

மேல்ஸ்தாயி கேட்டது:
ஹை எஃப்-ஷார்ப் கீ உள்ள டெனர். 7 ஸ்டார் மெட்டல் மவுத்பீஸ் (முனைத் திறப்பு 0.105 அங்குலம்), 2½ ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு; எண் கூடினால் விறைப்பு கூடும்). பாம் கீகளில் (இடது உள்ளங்கையால் அழுத்துபவை) எஃப் வரை சுத்தமாக வருகிறது. அதற்கு மேலே ஜி-க்கு ஃப்ரண்ட் எஃப் (இடது ஆள்காட்டி விரலால் அழுத்தும் மாற்று எஃப் கீ), இடது நடுவிரல், சைடு பி-பிளாட், ஹை எஃப்-ஷார்ப் கீ எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறேன். பாதி நேரம் கீழ் ஸ்வரத்துக்குச் சறுக்குகிறது, பாதி நேரம் கீச்சென்று எங்கோ போய்விடுகிறது. அதற்கும் மேலே உள்ள ஏ மட்டும் எப்போதாவது வந்துவிடுகிறது, அதுதான் புரியவில்லை. ரீடை 3½ ஆக்கினால் சரியாகுமா? வேறு ஃபிங்கரிங் இருந்தால் சொல்லுங்கள்.

ஓவர்டோன் பைத்தியம்:
ரீடை மாற்றாதீங்க, ஃபிங்கரிங்கும் தேடாதீங்க. 3½ போட்டால் கடிக்கத்தான் பழகுவீங்க. கடித்தால் ரீடின் வாய் மூடும், சத்தம் ஒல்லியாகி சுருதி ஏறும், கடைசியில் கீச்.

முதல்ல கணக்கைப் பாருங்க. டெனரில் எழுதப்படும் அந்த ஜி, காதில் கேட்பது எஃப், சுமார் 698 ஹெர்ட்ஸ். ட்யூனர் எஃப் என்றுதான் காட்டும். ஸ்ருதிப்பெட்டியில் 4 கட்டை வைத்தாலும் ஒத்துவரும். லோ சி ஒலிப்பது சுமார் 116.5 ஹெர்ட்ஸ். அதை ஆறால் பெருக்குங்க, 699. அதாவது உங்களுக்கு வராத ஜி, லோ சி-யின் ஆறாவது ஓவர்டோனாக (ஒரே விரல் பிடிப்பில் அடி ஸ்வரத்துக்கு மேலே எழும் ஸ்வரங்கள்; அடி ஸ்வரத்தையே ஒன்று என்று எண்ணுகிறேன்) ஏற்கெனவே குழாய்க்குள்ளேயே இருக்கிறது. எந்தப் புது விரலும் வேண்டாம்.

லோ சி-யைப் பிடித்துக்கொண்டு, ஆக்டேவ் கீயை (ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் கீ) தொடாமல் இப்படி ஏறுங்க: சி, நடு சி, ஜி, மேல் சி, ஈ, மேல் ஜி. ஆனால் இதிலிருந்து தொடங்காதீங்க. முதல் சில வாரம் லோ பி-பிளாட்டில் நான்காவது வரை மட்டும்: பி-பிளாட், பி-பிளாட், எஃப், பி-பிளாட். ஒவ்வொன்றையும் 8 எண்ணிக்கை நிறுத்தி, தாடையை அசைக்காமல் வழக்கமான ஃபிங்கரிங்குக்கு மாறுங்க. மாறும்போது உதடு இறுகினால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை. ஏழாவது ஓவர்டோன் (ஏ-பிளாட்) 31 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கித்தான் இருக்கும், அது உங்கள் தப்பு இல்லை. நாளுக்கு 15 நிமிடம் போதும். உதடு களைத்த பிறகு ஊதினால் கடிதான் வளரும்.

குழாய் இயற்பியல்:
மேலே சொன்னதற்குக் காரணம் சேர்க்கிறேன். கீழ் ஸ்வரங்களில் குழாயின் ஒத்ததிர்வு வலுவானது, ரீட் அது சொன்னபடி ஆடும். ஆல்டிசிமோவில், அதாவது வாத்தியத்தின் வழக்கமான எல்லைக்கு மேலே உள்ள ஸ்வரங்களில், அந்த ஒத்ததிர்வு பலவீனமாகிவிடும். அங்கே ரீடைப் பிடித்து நிறுத்துவது வாய், நாக்கு, தொண்டை சேர்ந்த அறை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டெனரை ஊதும்போதே வாய்க்குள் அளந்து, 2008-இல் வெளியிட்டார்கள். தேர்ந்த கலைஞர்கள் ஆல்டிசிமோவில் தங்கள் வாயறையின் ஒத்ததிர்வை ஊதும் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது கைவராதவர்களுக்கு அந்த ஸ்வரங்களும் வரவில்லை.

உங்களுக்கு ஏ வந்து ஜி வராததில் அதிசயமில்லை. குழாய் எங்கே பலம், எங்கே பலவீனம் என்பது ஃபிங்கரிங்குக்கு ஃபிங்கரிங் மாறும், படிப்படியாகக் குறைவதில்லை. பல டெனர்களில் ஜி, ஜி-ஷார்ப் இரண்டும்தான் முரண்டு பிடிக்கும்.

தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: பாம் எஃப்-ஐப் பிடியுங்கள். விரல், தாடை இரண்டையும் அசைக்காமல் ஈ, பிறகு ஈ-பிளாட் வரை வளைத்து இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். விசிலில் சுருதியை இறக்கி ஏற்றும்போது நாக்கின் பின்பகுதி எப்படி நகருமோ அதே அசைவு. அரை ஸ்வரம்கூட இறங்கவில்லை என்றால் இன்னும் உதட்டால்தான் ஊதுகிறீர்கள்.

பேட் & கார்க்:
தம்பி, ஊதுறவங்க பேசிட்டாங்க, நான் வாத்தியத்தைப் பத்தி சொல்றேன். சின்ன லீக்கை கீழ் ஸ்தாயி மன்னிக்கும், ஆல்டிசிமோ மன்னிக்காது.

ஃப்ரண்ட் எஃப் அழுத்தினா மேலே பாம் எஃப் பேட் (துளையை மூடுற மெத்தை) எவ்வளவு திறக்குதுன்னு பாருங்க. அந்த இடத்தில் அது ஒரு சின்ன துளையா வேலை செய்யணும். பாம் கீயை நேரா அழுத்தினா திறக்கிற அளவுக்கே திறந்தா ஜாஸ்தி. மூணில் ஒரு பங்கு போதும். சில வாத்தியத்தில் அதுக்கு ஸ்க்ரூ இருக்கும், இல்லேன்னா கார்க் தடிமனை மாத்தணும்.

அடுத்து, நடு ஜி-யை ஆக்டேவ் கீயோட பிடிச்சுக்கிட்டு நெக் (மவுத்பீஸ் மாட்டுற வளைந்த குழாய்) மேலே இருக்கிற பேடைக் கவனிங்க. அது மூடியே இருக்கணும், உடம்பில் இருக்கிற பேட்தான் திறக்கணும். இடது மோதிர விரல் வெச்சா நெக் பேட் மூடும், எடுத்தா திறக்கும், அதான் மெக்கானிசம். நெக் வளையம் லேசா வளைஞ்சிருந்தாலும் ரெண்டும் சேர்ந்து திறக்கும், மேல் ஸ்வரம் குழம்பும்.

ரீடுக்கும் ஒரு சோதனை: மவுத்பீஸின் பின்வாயை உள்ளங்கையால் அடைச்சு உறிஞ்சுங்க. ரீட் ஒரு நொடி ஒட்டி நின்னு 'பொப்'னு விடணும். உடனே விட்டா ரீட் வளைஞ்சிருக்கு, அதை வெச்சு எந்த எண் போட்டாலும் ஒண்ணுதான்.

மேல்ஸ்தாயி:
மூன்றையும் பார்த்தேன். ரீட் சரி. ஃப்ரண்ட் எஃப்-இல் பேட் ஏறக்குறைய முழுசாகவே திறக்கிறது. நடு ஜி-யில் நெக் பேட் ஒரு காகிதம் நுழையும் அளவு எழுகிறது. பாம் எஃப்-ஐ ஈ வரை இறக்க முடிகிறது, ஈ-பிளாட்டுக்குப் போகும்போது அறுந்துவிடுகிறது.

பேட் & கார்க்:
வளையத்தை நீங்களே கையால் வளைக்காதீங்க, நெக்கே கோணிப்போகும். சர்வீஸ்காரர்கிட்ட ரெண்டையும் ஒரே தடவையில் சொல்லிடுங்க, சின்ன வேலைதான்.

ஓவர்டோன் பைத்தியம்:
ஈ வரை இறங்குதுன்னா தொண்டை பாதி வந்தாச்சு. சர்வீஸ் முடியும் வரை லோ பி-பிளாட் ஓவர்டோன் தொடரட்டும், அதுக்கு ஃப்ரண்ட் எஃப் தேவையே இல்லை. அப்புறம் லோ சி-யின் ஆறாவதை நிறுத்தி, மூச்சை விடாமல் உங்கள் பழைய ஜி ஃபிங்கரிங்குக்கு மாறிப் பாருங்க. ட்யூனரில் எஃப் காட்டினால் அதே ஃபிங்கரிங்கை வெச்சுக்கலாம். 20 சென்ட்டுக்கு மேல் ஏறினால் ஹை எஃப்-ஷார்ப் கீயை மட்டும் விட்டுப் பாருங்க.